அறிவியல் துறை மாணவர்களுக்கான வாய்ப்புகளும் நிகழ்வுகளும்

பல்கலைக்கழகம் அல்லது கல்லூரியின் அறிவியல் துறையில் பயிலும் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்துக்கு வெளியே கிடைக்கும் சொற்பொழிவுகள், கருத்தரங்குகள், பயிற்சிப் பட்டறைகள், கோடைக்கால ஆய்வுப் பணிகள், போட்டித் தேர்வுகள், உதவித்தொகைகள் ஆகியவை மாணவர் நிகழ்வுகள் என்றும் மாணவர் வாய்ப்புகள் என்றும் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றன. இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் முதலிய எல்லாத் துறைகளிலும் இவை உண்டு. தமிழ்நாட்டில் இளங்கலை, முதுகலை அறிவியல் பயிலும் மாணவர் பயன்படுத்தக்கூடியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இவற்றுள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. சில, மாணவருக்குப் பணமும் தருகின்றன. இருந்தும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஊர்ப்புறக் கல்லூரிகளிலும் பயிலும் தகுதியுள்ள மாணவர் பலர் இவற்றுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. செய்தி அவர்களை வந்து சேரும்போது நாள் கடந்திருக்கிறது. மே மாதம் தொடங்கும் ஆய்வுப் பணிக்கு முந்தைய நவம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுவதுண்டு. சில திட்டங்கள் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவரை மட்டுமே ஏற்கின்றன. இறுதியாண்டில் "இனி என்ன செய்யலாம்" என்று தேடத் தொடங்கும் மாணவருக்கு இவற்றில் பாதி கைநழுவிப் போயிருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவருக்கு இதை எடுத்துச் சொல்ல வீட்டிலும் ஆளில்லை. ஆகவே எந்த வாய்ப்பு எந்த ஆண்டில், எந்த மாதத்தில் வருகிறது என்று அறிவதே இதில் முதற்பாடம்.

துறை நிகழ்வுகள்

ஒவ்வொரு துறையிலும் மாணவர் மன்றம் ஒன்று உண்டு. இயற்பியல் மன்றம், கணித மன்றம் என்று அதற்குப் பெயர் இருக்கும். கல்வியாண்டின் தொடக்கத்தில் மன்றத் தொடக்க விழாவும், முடிவில் நிறைவு விழாவும் நடைபெறும். இடையில் நடப்பவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

சிறப்புச் சொற்பொழிவு: வேறு நிறுவனத்திலிருந்து வரும் அறிஞர் ஒருவர் தம் ஆய்வைப் பற்றிப் பேசுவது. பெரும்பாலும் ஒரு மணி நேரம்.

கருத்தரங்கு: பலர் கட்டுரை வாசிக்கும் ஒரு நாள் அல்லது இரு நாள் நிகழ்வு. மாணவர்கள் கட்டுரை வாசிக்கலாம். சுவரொட்டி வடிவிலும் தம் பணியைக் காட்டலாம். முதன்முறை பங்கேற்பவருக்குச் சுவரொட்டி எளிது. மேடையேறிப் பேசவேண்டியதில்லை, வருபவர் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கினால் போதும்.

பயிற்சிப் பட்டறை: கருவி ஒன்றையோ கணினி மென்பொருள் ஒன்றையோ கையாளக் கற்பிப்பது. இதில் கேட்பதைவிடச் செய்வது முக்கியம். எனவே கருவியருகே இடம் கிடைக்குமாறு முன்னதாகப் பெயர் கொடுப்பது நல்லது.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள்: வினாடி வினா, கட்டுரை வாசிப்பு, மாதிரி செய்தல் முதலியன. பிற கல்லூரி மாணவரோடு பழக இவை உதவும்.

களப்பயணம், ஆய்வகப் பார்வை: தமிழ்நாட்டில் இதற்கு இடம் குறைவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம், கொடைக்கானலில் சூரிய ஆய்வகம், திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் ஆகியவை உள்ளன. கொடைக்கானல் ஆய்வகத்தில்தான் 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். பாடநூலில் படித்த விளைவு நிகழ்ந்த இடத்தைக் கண்ணால் காண்பது வேறொரு பாடம்.

ஆண்டுதோறும் வரும் இரண்டு நாட்கள் துறை நிகழ்வுகளுக்கு மையமாக அமைகின்றன. டிசம்பர் 22, இராமானுசனின் பிறந்தநாள். தேசியக் கணித நாள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். 1928ஆம் ஆண்டு அந்நாளில் ச. வெ. இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்ததன் நினைவாக 1987 முதல் இந்நாள் கொண்டாடப்படுகிறது. ஆய்வு நிறுவனங்கள் பல இந்நாளையொட்டித் தம் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன. இராமனின் முதல் ஆய்வுக்கட்டுரை 1906ஆம் ஆண்டு இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தபோது அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், வயது 18.

ஒரு சொற்பொழிவின் பயன்

சிறப்புச் சொற்பொழிவை வருகைப் பதிவுக்காக உட்கார்ந்து கேட்கும் நிகழ்வாகவே பலர் கருதுகின்றனர். அது எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு.

1928ஆம் ஆண்டு செருமானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்பெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கே இளங்கலை இயற்பியல் பயின்றுவந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அணு அமைப்பைப் பற்றிச் சோமர்பெல்டு எழுதிய நூலை முன்பே தாமாகப் படித்திருந்தார். உரை கேட்டதோடு நில்லாமல் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அந்நூலிலுள்ள குவாண்டம் கொள்கை அதற்குள் பழையதாகிவிட்டது என்று சோமர்பெல்டு சொன்னார். உலோகங்களில் எலக்ட்ரான்களின் இயல்பைப் பற்றித் தாம் எழுதி, அப்போது வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளையும் கொடுத்தார். அதிலிருந்த புதிய புள்ளியியல் முறையைக் கற்றுச் சந்திரசேகர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. 1930இல் அவர் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சந்திரசேகரின் கணிதத் திறமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் அவர் செய்த மூன்று செயல்கள் எந்த மாணவரும் செய்யக்கூடியவை. வருபவர் யார், எதைப் பற்றி எழுதியவர் என்று முன்பே படித்திருந்தார். உரை முடிந்தபின் நேரில் சென்று பேசினார். கிடைத்ததை வைத்து உட்கார்ந்து உழைத்தார். சொற்பொழிவு அறிவிக்கப்பட்டதும் பேச்சாளரின் பெயரைத் தேடி அவர் பணியைப் பற்றி ஒரு பக்கமாவது படித்துச் செல்லும் மாணவர், மற்றவரைவிட இருமடங்கு புரிந்துகொள்வார். கேட்க ஒரு கேள்வியும் கையில் இருக்கும்.

கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள்

மே, ஜூன் விடுமுறையில் ஆய்வு நிறுவனமொன்றில் தங்கி, ஆய்வாளர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றுவதே மாணவர் பெறக்கூடிய வாய்ப்புகளில் தலையாயது. கல்லூரி ஆய்வகத்தில் விடை முன்பே தெரிந்த சோதனையைச் செய்கிறோம். ஆய்வு நிறுவனத்தில் விடை யாருக்கும் தெரியாத கேள்வியோடு இருக்கிறோம். இந்த வேறுபாட்டை அனுபவித்துப் பார்த்தவருக்குத்தான் ஆய்வு தமக்கு ஏற்றதா இல்லையா என்பது தெரியும். "ஏற்றதில்லை" என்று தெரிந்துகொள்வதும் பயனே.

மூன்று அறிவியல் அகாதமிகளின் கோடைக்கால ஆய்வுத் திட்டம்: பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமி, புது தில்லியிலுள்ள இந்திய தேசிய அறிவியல் அகாதமி, பிரயாக்ராஜிலுள்ள தேசிய அறிவியல் அகாதமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துவது. இவற்றுள் முதலாவதை 1934இல் நிறுவியவர் இராமன். தேர்வுபெறும் மாணவர் ஏறத்தாழ இரண்டு மாதம் நாட்டின் ஏதேனும் ஓர் ஆய்வு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ பணியாற்றுவார், உதவித்தொகை உண்டு. மதிப்பெண் பட்டியல், என்ன செய்ய விரும்புகிறார் என்ற சுருக்கமான குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரை ஆகியவற்றைக் கொண்டு தேர்வு நடக்கும். பொதுவாக நவம்பரை ஒட்டி விண்ணப்பம் முடியும். கல்லூரி ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

இளங்கலை மாணவர்களை ஊக்குவிக்கும் தேசியத் திட்டம்: நியஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்துகிறது. பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. முகாமில் தொடங்கி, பொருத்தமானவர்கள் வழிகாட்டி ஒருவரோடு நீண்டகால ஆய்வுப் பணியில் ஈடுபடுவர்.

கணிதப் பயிற்சி, திறன் தேடல் திட்டம்: பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கியது. நான்கு வாரக் கோடை முகாம். கரும்பலகையில் எழுதிப் போடுவதைப் படியெடுக்கும் பழக்கத்தை உடைத்து, ஆசிரியர் கேள்வி கேட்க, மாணவர் தாமே தேற்றத்தை நோக்கி நகரும் முறையில் வகுப்புகள் நடக்கும். மனப்பாடமாக வந்த கணிதம் புரியத் தொடங்கும் இடம் இது என்று சொல்லலாம்.

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கோடைத் திட்டம்: மும்பை நிறுவனமும் அதன் மையங்களும் நடத்துவது. இளங்கலை முடிக்கும் நிலையிலும் முதுகலையிலும் இருப்போர்க்கு ஏற்றது.

தமிழ்நாட்டிற்குள்: கணித அறிவியல் நிறுவனம் கோடைக்கால மாணவர்களை ஏற்கிறது. கல்பாக்கத்தில் இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நடத்தப்படுவதுண்டு. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதியுதவி வழங்குகிறது. இதற்கு வழிகாட்டி ஆசிரியர், கல்லூரி முதல்வர் ஆகியோர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். எனவே மாணவர் முன்கூட்டியே ஆசிரியரை அணுகுவது இன்றியமையாதது.

தேர்வுகளும் இணையப் பாடங்களும்

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் முதுகலை அறிவியல் சேர்வதற்கான தேர்வு ஜாம் எனப்படும். இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித்தொழில்நுட்பம், நிலவியல், பொருளியல் ஆகிய ஏழு பாடங்களில் நடக்கிறது. மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பமோ செப்டம்பர், அக்டோபரில். இளங்கலை இறுதியாண்டு மாணவர் எழுதலாம். "ஐ.ஐ.டி. என்றால் பொறியியல் மட்டும்" என்ற எண்ணத்தால் இதைக் கேள்விப்படாமலே பட்டம் பெறுவோர் பலர். திருவாரூர் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேரப் பொது நுழைவுத் தேர்வு தனியே உண்டு.

இயற்பியல் மாணவர்க்கு, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசிய இயற்பியல் பட்டநிலைத் தேர்வும், கணித மாணவர்க்கு மாதவா கணிதப் போட்டியும் உள்ளன. இவை தோல்வியால் எதையும் இழக்காத தேர்வுகள். தேசிய அளவில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும்.

கல்லூரியில் ஆசிரியர் இல்லாத பாடத்தையும் ஸ்வயம், என்பிடெல் ஆகிய இணையத் தளங்களில் படிக்கலாம். பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஜனவரி, ஜூலை என இரு பருவங்களில் தொடங்கும்.

உதவித்தொகைகள்

அடிப்படை அறிவியல் பயில்வோருக்கென 2008இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தின் உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கென ஒதுக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் முதல் ஒரு விழுக்காட்டில் வந்தவர்க்கு உரியது. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு இல்லை. ஆண்டுதோறும் வரும் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். பழைய வழிகாட்டி நூல்களில் காணப்படும் கே.வி.பி.ஒய். தேர்வு 2022 முதல் நடத்தப்படுவதில்லை; அதைத் தேடி நேரம் செலவிட வேண்டாம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், ஒன்றிரண்டு நூல்கள் ஆகியவற்றுக்கு இத்தொகையில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கலாம்.

ஓராண்டின் போக்கு

நாட்கள் ஆண்டுக்காண்டு சற்றே மாறும். ஆயினும் பொதுப்போக்கு இது:

ஜூன் முதல் ஆகஸ்டு வரை: மன்றத் தொடக்கம், ஜூலைப் பருவ இணையப் பாடங்களில் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு, சான்றிதழ்களைச் சரிபார்த்தல்.
செப்டம்பர், அக்டோபர்: ஜாம் விண்ணப்பம், கோடைத் திட்ட அறிவிப்புகளைக் கவனித்தல், பரிந்துரைக்கு ஆசிரியரை அணுகுதல்.
நவம்பர்: அகாதமிகளின் கோடைத் திட்ட விண்ணப்பம்; பருவத் தேர்வு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் விண்ணப்பத்தை முன்பே முடிப்பது நல்லது.
டிசம்பர், ஜனவரி: தேசியக் கணித நாள், இயற்பியல், கணிதப் போட்டித் தேர்வுகள், பிற நிறுவனங்களின் கோடைத் திட்ட விண்ணப்பங்கள்.
பிப்ரவரி: ஜாம் தேர்வு, தேசிய அறிவியல் நாள்.
மார்ச், ஏப்ரல்: தேர்வு முடிவுகள், பயண ஏற்பாடு.
மே, ஜூன்: ஆய்வுப் பணி, முகாம்.

விண்ணப்பித்தல்

பெயர்: தமிழ்நாட்டு மாணவர் தடுமாறும் முதல் இடம் இது. தலைப்பெழுத்து ஒரு சான்றிதழில் முன்னும் மற்றொன்றில் பின்னும், ஆதாரில் தந்தை பெயர் முழுமையாகவும் இருக்கும். இணையப் படிவம் இறுதிப் பெயரைக் கேட்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றையும் ஒருமுறை சரிசெய்துகொண்டால் உதவித்தொகை வங்கிக்கு வரும்போது சிக்கல் வராது.

குறிப்பு: "எனக்கு அறிவியலில் ஆர்வம் அதிகம்" என்று எழுதுவதால் பயனில்லை, எல்லாரும் அதையே எழுதுவர். எந்தப் பாடத்தில் எந்தப் பகுதியை விரும்பிப் படித்தேன், அதில் எது புரியவில்லை, எதை அறிய விரும்புகிறேன் என்று பத்து வரியில் எழுதினால் போதும்.

பரிந்துரைக் கடிதம்: இறுதி நாளுக்கு முதல்நாள் மாலை கேட்கப்படும் கடிதம் எல்லா மாணவருக்கும் பொருந்தும் கடிதமாகவே அமையும். மூன்று வாரம் முன்னதாக, மதிப்பெண் பட்டியலோடும் தம் குறிப்போடும் ஆசிரியரை அணுக வேண்டும். வகுப்பில் ஒருமுறையேனும் ஐயம் கேட்ட மாணவரைப் பற்றித்தான் ஆசிரியரால் நான்கு வரி உண்மையாக எழுத முடியும்.

நேரடியாக எழுதுதல்: திட்டம் எதுவும் இல்லாவிடினும், ஆய்வாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி அவரது ஆய்வகத்தில் கோடையில் பணியாற்ற இசைவு கேட்கலாம். இதற்கு நம்மிடமே பெரிய முன்மாதிரி உண்டு. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தம் நிலையைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, தாம் கண்ட கணித முடிவுகளையே பக்கம் பக்கமாக இணைத்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. கடிதத்தில் புகழ்ச்சி குறைவாகவும் செய்த வேலை நிறைவாகவும் இருக்க வேண்டும் என்பதே இதில் கற்பது. ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்புவதைவிட, ஐவரின் பணியைப் படித்து ஐந்து கடிதம் எழுதுவது மேல். பதில் வராவிடில் மனம் தளர வேண்டியதில்லை.

தடைகள்

ஆங்கிலம்: தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் சொற்பொழிவில் பாதிக்கு மேல் புரியாமல் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். துறைச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ் விளக்கத்தோடு சொந்தக் கையேட்டில் எழுதிவந்தால் ஓராண்டில் பேச்சின் போக்கு பிடிபடும். கேள்வியை எழுதிவைத்துப் படித்துக் கேட்பதில் இழுக்கில்லை. உரைக்குப் பின் தமிழில் பேசக்கூடிய அறிஞர்களும் பலர்.

வீடு: இரண்டு மாதம் வெளியூரில் தங்க மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் பலர். அவர்களுடைய அச்சத்தைத் தள்ளிவிடாமல் அதற்கு விடை தரவேண்டும். நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், விடுதி விவரம், வழிகாட்டியின் பெயர் ஆகியவற்றைக் காட்டித் துறை ஆசிரியை ஒருவர் பெற்றோரிடம் பேசினால் பெரும்பாலும் தயக்கம் குறைகிறது. முதல் கோடையில் தமிழ்நாட்டிற்குள் உள்ள நிறுவனத்தையும், அடுத்த கோடையில் வெளிமாநிலத்தையும் தேர்ந்தெடுப்பது ஒரு வழி.

வருமானம்: கோடையில் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குக் கொடுக்கும் மாணவருக்கு ஆய்வுப் பணி வருமான இழப்பு. உதவித்தொகை உள்ள திட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தொகை எப்போது கைக்கு வரும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தொகை பணியின் முடிவில் வருவதாயின் முதல் மாதச் செலவுக்கு வழி தேவைப்படும்.

கட்டண நிகழ்வுகளைப் பற்றிய எச்சரிக்கை

மாணவரின் ஆர்வத்தை வைத்துப் பணம் பார்ப்போரும் உள்ளனர். "பன்னாட்டு மாநாடு" என்ற பெயரில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, வராதவர்க்கும் சான்றிதழ் தருவது ஒருவகை. அனுப்பிய மறுவாரமே கட்டுரையை வெளியிடும் கட்டண இதழ்கள் மற்றொரு வகை. பணம் கட்டினால் "ஆய்வுப் பயிற்சி" சான்றிதழ் தரும் நிறுவனங்கள் மூன்றாம் வகை. இவற்றை அறிய எளிய கேள்விகள் சில: தேர்வு முறை உண்டா, எல்லாரையும் ஏற்கிறார்களா? பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? வழிகாட்டி யார், அவர் எங்கே பணியாற்றுகிறார்? நல்ல ஆய்வு நிறுவனங்களின் கோடைத் திட்டங்கள் பொதுவாக மாணவரிடம் பயிற்சிக் கட்டணம் கேட்பதில்லை. நேர்காணலில் கோப்பு நிறையச் சான்றிதழ் இருப்பதைவிட, செய்த ஒரு வேலையைத் தெளிவாக விளக்கத் தெரிவதே எடுபடும்.

துறையின் பங்கு

இவ்வளவையும் மாணவர் ஒருவரே தேடிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மேலே கண்ட ஓராண்டு அட்டவணையை அந்தந்த ஆண்டின் நாட்களோடு எழுதித் துறை வாயிலில் ஒட்ட ஒரு தாள் போதும். முந்தைய கோடையில் சென்றுவந்த மாணவரை ஜூலையில் அரை மணி நேரம் தம் இளையவரிடம் பேசவைத்தால், "நம் கல்லூரியிலிருந்தும் போகலாம்" என்ற எண்ணம் பிறக்கும். விண்ணப்பிக்கும் வாரத்தில் துறைக் கணினியையும் ஓர் ஆசிரியரையும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், படிவம் பாதியில் நிற்காது. ஒரு துறையிலிருந்து ஒருவர் சென்று வந்துவிட்டால், அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவருக்கு வழி கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.